புகை ஒன்று, சட்டம் பல: கல்யாண ஷூட்டிங்கில் விடும் புகைக்கு யார் பொறுப்பு?

மதுரைப் பக்கம் ஆவணி முகூர்த்தத்துக்கான ப்ரீ-வெட்டிங் ஷூட் பெரும்பாலும் ஆடியில்தான் நடக்கும். ஆடியில் கல்யாணம் கிடையாது, கேமராக்காரர்களுக்கு நாள் சும்மா கிடக்கும், சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்க்கும் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒரு சனி ஞாயிறைச் சேர்த்து ஊருக்கு வந்துவிடலாம். ஒரே தொல்லை ஆடிக்காற்று. கீழக்குயில்குடிப் பக்கம் திறந்தவெளியில் ஒரு கலர் ஸ்மோக் டப்பாவைப் பற்ற வைத்தால் புகை பெண்ணுக்குப் பின்னால் திரையாக எழும்பும் என்று கணக்குப் போட்டிருப்பார்கள், காற்றோ அதை அப்படியே சுருட்டி, பின்னால் குனிந்து டப்பாவைப் பிடித்திருக்கும் பையன் முகத்திலேயே அடிக்கும். ஒரு டப்பா ஒன்று, ஒன்றரை நிமிடம்தான் வரும். அதற்குள் படம் சரியாக அமையவில்லை என்றால் அடுத்த டப்பா. சாயங்காலம் வீட்டுக்குப் போய் மூக்கைச் சிந்தினால் அன்றைக்கு என்ன கலர் ஷூட் என்று கைக்குட்டையே சொல்லிவிடும்.

இதற்கெல்லாம் அனுமதி வேண்டுமா என்று ஃபோட்டோகிராபர்கள் கேட்கிறார்கள், மண்டபக்காரர்கள் கேட்கிறார்கள், எப்போதாவது போலீஸ்காரரே கேட்கிறார். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது, ஏனென்றால் திரையில் புகை என்று ஒன்றாகத் தெரிவது நிஜத்தில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பல சமாச்சாரங்கள். ஒன்று வெடிமருந்து, ஒன்று கிளைகால் என்ற திரவத்தைச் சூடாக்கியது, ஒன்று உறைந்த கார்பன் டை ஆக்சைடு, ஒன்று சாதாரண சாம்பிராணி. ஒவ்வொன்றும் வேறு துறையின் கையில் இருக்கிறது, அல்லது யார் கையிலும் இல்லை. என் வாதம் இதுதான்: நம் சட்டங்கள் வெடியையும் சத்தத்தையும் மனதில் வைத்து எழுதப்பட்டவை, சத்தமே இல்லாமல் வரும் புகையை அவை பாதிதான் தொடுகின்றன, அந்த மீதிப் பாதியில்தான் கல்யாண வீடியோத் தொழில் மொத்தமும் நடக்கிறது.

முதலில் அந்தக் கலர் டப்பாவைப் பார்ப்போம். உள்ளே இருப்பது பொதுவாகப் பொட்டாசியம் குளோரேட், சர்க்கரை வகை ஏதாவது ஒன்று (பால் சர்க்கரையான லாக்டோஸ் அதிகம்), சூட்டைத் தணிக்கக் கொஞ்சம் சமையல் சோடா, அப்புறம் கரிமச் சாயம். குளோரேட்டும் சர்க்கரையும் நெருப்பில்லாமல் மெதுவாகக் கனன்று எரிய வேண்டும், அந்தச் சூட்டில் சாயம் ஆவியாகி, வெளிக்காற்று பட்டதும் மறுபடி நுண்துகளாக உறைய வேண்டும், அதுதான் நாம் பார்க்கும் சிவப்பும் நீலமும். சூடு கூடிப்போனால் சாயமே எரிந்து கருகிவிடும், அதனால்தான் சோடா. ஆக அது புகை என்பதைவிட, காற்றில் மிதக்கும் சாயப்பொடி. பட்டுப்புடவையில் படிந்தால் போகாது, சுண்ணாம்புச் சுவரில் படிந்தாலும் போகாது, நுரையீரல் மட்டும் என்ன தனியாகச் செய்துவிடப் போகிறது? டப்பாவின் அடிப்பாகம் எரிந்து முடிந்த பிறகும் சில நிமிடங்கள் கையைச் சுடும் அளவுக்கு இருக்கும், இதை முதல்தடவை பிடிப்பவனுக்கு யாரும் சொல்வதில்லை.

இப்படி எரிந்து வேடிக்கை காட்டும் பொருள் எதுவானாலும் அது 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டத்துக்குள் வந்துவிடும். வெடித்தால்தான் வெடிபொருள் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை, வண்ண நெருப்பு, வாணவேடிக்கை எல்லாம் அதன் வரையறைக்குள் இருக்கின்றன. அதன் கீழ் வந்த 2008ஆம் ஆண்டு விதிகளின்படி தயாரிக்கவும் உரிமம், விற்கவும் உரிமம். மேற்பார்வை நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு நிறுவனத்திடம், அதற்கு நம் பக்கத்திலேயே சிவகாசியில் அலுவலகம் உண்டு. 18 வயது ஆகாதவர் வெடிபொருளைத் தயாரிக்கவோ வைத்திருக்கவோ விற்கவோ கூடாது என்பதும் அதே சட்டம். ப்ரீ-வெட்டிங் டீமில் லைட் தூக்க வரும் பிளஸ் டூ பையனிடம் டப்பாவைக் கொடுத்து, தம்பி இதைப் பிடிச்சுக்கோ என்று சொல்கிற ஒவ்வொரு முறையும் அந்தப் பிரிவு மீறப்படுகிறது என்று நான் சொன்னால் சிரிப்பார்கள். எழுதியிருப்பது அதுதான்.

குளோரேட்டோடு கந்தகத்தைக் கலக்கக் கூடாது என்று 1992 ஜனவரியிலேயே மத்திய அரசு தடை போட்டது, உரசினாலே தீப்பிடிக்கும் கலவை அது. வண்ணப் புகையைக் கந்தகம் சேர்த்தும் செய்யலாம், உலகப்போர்க் காலத்து ராணுவப் புகைக்குண்டுகளில் அப்படித்தான் செய்தார்கள். உரிமம் உள்ள சிவகாசித் தயாரிப்பில் அது இருக்க முடியாது. பெயரோ விலாசமோ உரிம எண்ணோ இல்லாமல் வெறும் சில்வர் பேப்பர் சுற்றி வரும் சரக்கில் என்ன இருக்கிறது என்பது செய்தவனுக்குத்தான் வெளிச்சம். சிவகாசி நமக்கு 70 கிலோமீட்டர் சொச்சம். அவ்வளவு பக்கத்தில் ஒழுங்கான சரக்கு கிடைக்கும்போது லேபிள் இல்லாததை வாங்குவதற்கு விலையைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஆன்லைன் விற்பனை இன்னொரு கூத்து. 2018 அக்டோபர் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பட்டாசு வழக்கில் தீர்ப்புச் சொன்னபோது இணையதளங்கள் பட்டாசு ஆர்டர் வாங்கக் கூடாது என்றும் சேர்த்தே சொன்னது. அந்தத் தீர்ப்பை நாம் நினைவில் வைத்திருப்பது தீபாவளிக்கு ரெண்டு மணி நேரம் என்பதற்காகவும் பசுமைப் பட்டாசுக்காகவும்தான். பேரியம் உப்பு கூடாது என்றது, சரம் கூடாது என்றது, எல்லாம் நல்ல விஷயம். ஆனால் ஷூட்டிங் புகையின் நிறம் பேரியத்திலிருந்து வருவதில்லை, சாயத்திலிருந்து வருகிறது, ஆகவே அந்தக் கட்டுப்பாடு அதன் மேல் படவே இல்லை. பட்டாசுக்கு நாலு மீட்டர் தூரத்தில் 125 டெசிபல் என்று 1999இலிருந்து வரம்பு இருக்கிறது, புகை டப்பா உஸ்ஸென்று ஒரு சத்தம் போடுவதோடு சரி. நம் விதிகளுக்குக் காது இருக்கிறது, மூக்கு இல்லை.

2023 டிசம்பர் 13ஆம் தேதி நாடாளுமன்ற மக்களவைக்குள் இரண்டு பேர் ஷூவுக்குள் மறைத்துக் கொண்டுபோன மஞ்சள் புகை டப்பாவைத் திறந்த பிறகுதான் இப்படி ஒரு பொருள் கடையில் கிடைக்கிறது என்பதே பலருக்குத் தெரிந்தது. அந்த வழக்கு வேறு, பயங்கரவாதத்துக்கு எதிரான உபா சட்டம் வரை போனது. கேமராத் தொழிலுக்கு அதிலிருந்து கிடைத்த ஒரே பாடம், கூட்டம் கூடும் இடத்தில் பை சோதனையில் இந்த டப்பா அகப்பட்டால் இனிமேல் யாரும் கல்யாண ஆல்பத்துக்கு என்று சொல்வதை உடனே நம்ப மாட்டார்கள் என்பது.

ரயிலில் கொண்டுபோவது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மதுரை டீம்கள் தனுஷ்கோடிக்குப் போகும்போது ராமேஸ்வரம் பாசஞ்சரில் உபகரணப் பையோடு ஏறிவிடுகிற பழக்கம் இருக்கிறது. ரயில்வே சட்டம் 1989, பிரிவு 164: ஆபத்தான பொருளைச் சட்டவிரோதமாக ரயிலில் கொண்டுவந்தால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஏட்டில் இருக்கிற சட்டம்தானே என்று மதுரைக்காரர் சொல்லக் கூடாது. 2023 ஆகஸ்ட் 26ஆம் தேதி விடியற்காலையில் நம் ஸ்டேஷன் யார்டில் நின்ற லக்னோ சுற்றுலாப் பெட்டி எரிந்து ஒன்பது பேர் செத்தது, கள்ளத்தனமாக ஏற்றிவந்த கேஸ் சிலிண்டரால். தனுஷ்கோடியில் இன்னொரு விஷயமும் உண்டு. கடலில் ஆரஞ்சு நிறப் புகை என்பது சர்வதேச விதிப்படி ஆபத்து அறிவிப்பு, படகு மூழ்குகிறது காப்பாற்று என்று அர்த்தம். கடற்கரையில் நின்று ஆரஞ்சு டப்பாவைத் திறந்தால் தூரத்துப் படகுக்காரர் என்ன நினைப்பார் என்பதை யோசித்து, அங்கே மட்டும் வேறு கலர் எடுங்கள்.

வெளிப்புற ஷூட்டில் உண்மையான ஆபத்து காய்ந்த புல். 2020 செப்டம்பர் 5ஆம் தேதி அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் யுகைபா என்ற ஊர்ப் பூங்காவில் ஒரு குடும்பம், பிறக்கப்போவது ஆணா பெண்ணா என்று அறிவிக்கும் படம் எடுக்க ஒரு புகைக் கருவியைப் பற்ற வைத்தது. (நம் ஊரில் அந்தக் கொண்டாட்டத்துக்கே, கருவின் பாலினத்தைச் சொல்லத் தடை போட்ட 1994ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது, அது ஒரு புறம்.) புல் பிடித்தது, 22,000 ஏக்கருக்கு மேல் எரிந்தது, தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். தம்பதி இருவர் மேலும் வழக்கு, 2024இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள், கணவருக்கு ஓராண்டு சிறை. கையில் இருந்தது ஏவுகணை இல்லை, நம் ஆட்கள் மாட்டுத்தாவணி பஸ்ஸில் பையில் போட்டுக்கொண்டு போகிற அதே ஜாதிச் சாமான்தான்.

நம் பக்கம் மாசி பங்குனியில் அழகர்மலை அடிவாரமும் சிறுமலைச் சரிவும் எப்படிக் காய்ந்து கிடக்கும் என்று தெரியாதவர் இல்லை. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11ஆம் தேதி பிடித்த காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேல் இறந்தார்கள். அதற்கும் ஷூட்டிங் புகைக்கும் சம்பந்தமில்லை, ஆனால் அந்த மாதத்து மலைப்புல் எவ்வளவு வேகமாகப் பிடிக்கும் என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி வேண்டாம். காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவதே 1882ஆம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம், படம் எடுக்கத்தான் என்றாலும் குற்றம்தான். காட்டுக்கு வெளியே, புறம்போக்கு நிலத்திலோ வைகை மணலிலோ தீயால் அடுத்தவருக்கு ஆபத்து வரும்படி நடந்தால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 287, வெடிபொருளால் என்றால் 288, இரண்டிலும் ஆறு மாதம் வரை சிறை உண்டு. நடுரோட்டில் கார் மேல் புகையைக் கட்டிக்கொண்டு போனால் 285, பொதுவழிக்கு இடையூறு. இவையெல்லாம் ஏதாவது நடந்த பிறகு போடுகிற பிரிவுகள். நடக்கும் முன்னால் யாரிடம் போய்ச் சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும் என்றால் அதற்குத் தெளிவான ஒரு ஜன்னல் கிடையாது.

பழைய கட்டடங்கள் மட்டும் விதிவிலக்கு, அங்கே ஜன்னல் இருக்கிறது. 1636இல் கட்டிய திருமலை நாயக்கர் மகால் மாநிலத் தொல்லியல் துறையிடம் இருக்கிறது, சமணர் மலை மத்தியத் தொல்லியல் துறையிடம். அனுமதி வாங்காமல் படப்பிடிப்பே கிடையாது எனும்போது புகைக்குத் தனியாக விதி தேவையில்லை, வேண்டாம் என்று சொல்ல அதிகாரிக்கு உரிமை இருக்கிறது, சொல்வதும் நியாயம். மகாலின் தூண்களில் இருப்பது சுதை வேலை, சுண்ணாம்பு. சாயம் குடித்த சுண்ணாம்பைக் கழுவி எடுக்க முடியாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

சரி, இதுவரை சொன்னது எரிகிற புகை. இனிமேல் வருவது எரியாத புகை, சட்டம் ஏறத்தாழ மௌனமாகிவிடுகிற இடம்.

ரிசப்ஷன் மேடையில் ஃபாக் மெஷின் என்று ஒரு பெட்டி. உள்ளே தண்ணீரும் புரொப்பிலீன் கிளைகால் அல்லது கிளிசரின் கலந்த திரவமும் 200 டிகிரிக்கு மேல் சூடான குழாய் வழியே போய், வெளியே வந்ததும் துளித்துளியாக உறைகிறது. ஹேஸர் என்பது அதைவிட மெல்லிசாக, மணிக்கணக்கில் தொங்கும் பனிப்படலத்தை விடுவது, சிலவற்றில் மினரல் ஆயில். கேமராக்காரர்களுக்கு இதன் மேல் ஏன் இவ்வளவு ஆசை என்றால், வெறும் காற்றில் லைட்டின் கற்றை தெரியாது, துளியில் பட்டுச் சிதறினால்தான் தெரியும். இங்கே நெருப்பும் இல்லை, வெடிமருந்தும் இல்லை, ஆகவே வெடிபொருள் சட்டமும் இல்லை. விற்பவருக்கு உரிமம் வேண்டாம், ஓட்டுபவருக்குப் பயிற்சி வேண்டாம், அஞ்சு லிட்டர் கேனில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டும் என்று மேடைப் புகைக்கென்றே தனியாக ஒரு விதியும் இல்லை.

வெளிநாட்டில் இதைச் சண்டை போட்டுத்தான் கட்டுக்குள் கொண்டுவந்தார்கள். நியூயார்க் பிராட்வே இசைநாடக நடிகர்கள் தொண்டை எரிகிறது என்று பல வருடம் புகார் செய்த பிறகு, மவுண்ட் சினாய் மருத்துவப் பள்ளியும் என்விரான் என்ற நிறுவனமும் சேர்ந்து ஆராய்ந்து 2000இல் அறிக்கை கொடுத்தார்கள். கிளைகால் புகை ஒரு கனமீட்டர் காற்றில் எந்த நொடியிலும் 40 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, மினரல் ஆயில் என்றால் உச்சம் 25, எட்டு மணி நேரச் சராசரி 5. இந்த எண்ணை வைத்துத்தான் எந்த மெஷினிலிருந்து எத்தனை அடி தள்ளி, எத்தனை நொடி கழித்து நடிகர் நிற்கலாம் என்று அட்டவணை போட்டார்கள். கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா ஆராய்ச்சியாளர்கள் சினிமா, நாடகம் நடக்கும் 19 இடங்களில் 101 தொழிலாளர்களைப் பரிசோதித்து 2005இல் வெளியிட்டதில், முந்தைய இரண்டு வருடத்தில் அதிகம் புகை வாங்கியவர்களுக்கு மூச்சிரைப்பும் நெஞ்சு இறுக்கமும் அதிகம் இருந்தது, மெஷினுக்கு மிகப் பக்கத்தில் வேலை செய்தவர்களின் நுரையீரல் திறன் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. ஃபாக் விஷம் என்று இதற்கு அர்த்தமில்லை. எவ்வளவு, எவ்வளவு நேரம், எவ்வளவு பக்கத்தில் என்பதே கேள்வி. ஒருநாள் வந்துபோகிற மாப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. முகூர்த்தத்துக்கு முகூர்த்தம் மெஷின் பக்கத்தில் உட்காருகிறவருக்கும், அந்தக் காற்றை நெஞ்சு நிறைய இழுத்து ஊதுகிற நாதஸ்வரக்காரருக்கும், மெல்லிசைப் பாடகருக்கும் கணக்கு வேறு.

திரவத்தின் தரம்தான் எனக்கு அதிக பயம். 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ஓர் இருமல் மருந்தைக் குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தார்கள், அந்த மருந்தில் டை எத்திலீன் கிளைகால் 48.6 சதவீதம் இருந்ததாகத் தமிழ்நாட்டுப் பரிசோதனையே சொன்னது. மருந்துத் தரப் புரொப்பிலீன் கிளைகாலுக்குப் பதில் தொழிற்சாலைத் தரத்தை வாங்கினால் இந்த நச்சு கூடவே வரும் ஆபத்து உண்டு. குடிப்பதும் சுவாசிப்பதும் ஒன்றில்லை, இரண்டையும் போட்டுக் குழப்பவில்லை. ஆனால் மருந்துக்கே அந்தக் கதி என்றால், லேபிள் இல்லாத கேனில் மேடைக்கு வரும் ஃபாக் லிக்விட் எந்தத் தரம் என்று யார் பார்க்கிறார்கள்? திரவம் தீர்ந்தபிறகும் மெஷின் சூடாகிக்கொண்டே இருந்தால் மிச்சமிருக்கும் கிளிசரின் கருகி அக்ரோலின் வரும், தாளித்த எண்ணெய் கருகினால் கண்ணில் நீர் வரவைக்கும் அதே சங்கதி. மேடைப் பக்கம் திடீரென்று கண் எரிய ஆரம்பித்தால் அதுதான் பெரும்பாலும் காரணம், மெஷினை அணைக்க வேண்டும்.

ஏசி மண்டபத்தில் கூடுதலாக ஒன்று. கூரையில் இருக்கும் ஸ்மோக் டிடெக்டர் பெரும்பாலும் ஒளிச்சிதறலை வைத்து வேலை செய்வது, அதற்கு ஃபாக்கும் நிஜப்புகையும் வித்தியாசம் தெரியாது. தாலி கட்டும் நேரத்தில் அலாரம் அடிக்கக் கூடாது என்று எலெக்ட்ரீஷியனிடம் சொல்லி அந்த வரிசையை அணைத்து வைப்பார்கள். மறுநாள் அதைத் திரும்பப் போட்டார்களா என்று கேட்டால் மண்டபத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அதே மேடையில்தான் இப்போது ஸ்பார்க் மெஷினும் வைக்கிறார்கள், சுற்றிலும் நெட் துணி, தெர்மாகோல், பிளாஸ்டிக் பூ. 2003இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் ஓர் இசை நிகழ்ச்சியில் மேடைப் பொறி பின்சுவர் நுரைப் பலகையில் பட்டு 100 பேர் இறந்தார்கள். அதற்கு மேல் இங்கே விளக்கத் தேவையில்லை.

அடுத்தது டிரை ஐஸ். கார்பன் டை ஆக்சைடை மைனஸ் 78.5 டிகிரியில் கட்டியாக்கியது, சுடுதண்ணீரில் போட்டால் வெள்ளையாக எழும்பித் தரையோடு தவழும், மாப்பிள்ளை பெண் மேகத்தில் நடந்து வருகிற மாதிரி இருக்கும். வெள்ளையாகத் தெரிவது தண்ணீர்த்துளி, ஆபத்து அதில் இல்லை, கண்ணுக்குத் தெரியாமல் கூடவே வரும் வாயுவில் இருக்கிறது. காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், கீழே தேங்கும். ஒரு கிலோவிலிருந்து 500 லிட்டருக்கு மேல் வாயு வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்துக்குப் பத்து மணமகள் அறை, உயரமும் பத்தடி, மொத்தக் கொள்ளளவு சுமார் 28,000 லிட்டர். உருகாத ரெண்டு கிலோவை ஏசி அறையில் வைத்துக் கதவை மூடினால், அது முழுக்க வாயுவாகும்போது அறைக்காற்றில் மூன்றரை சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் 35,000 பங்கு. எட்டு மணி நேர வேலைக்கு அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு வரம்பு 5,000, உடனடி உயிராபத்து என்று வகுத்திருப்பது 40,000. பெரிய ஹாலில் இவ்வளவு ஏறாது, அங்கே இடம் இருக்கிறது. மேடைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து புகையைக் கையில் பிடித்து விளையாடும் குழந்தைகளின் மூக்கு எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை மட்டும் பாருங்கள். 2020 பிப்ரவரியில் மாஸ்கோவில் ஒரு பிறந்தநாள் விழாவில் மூடிய நீச்சல்குளத்தில் வேடிக்கைக்காக 25 கிலோ போல டிரை ஐஸ் கொட்டியதில் மூன்று பேர் இறந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால், 2024 ஏப்ரலில் ஸ்மோக் பிஸ்கட் சாப்பிட்டுத் துடித்த சிறுவனின் வீடியோ பரவியதும் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறை ஒரே வாரத்தில் கண்காட்சிக் கடைகளில் இறங்கிவிட்டது, அது திரவ நைட்ரஜன் சமாச்சாரம். தின்கிற பொருளில் சேர்ந்தால் கேட்க ஒரு துறை இருக்கிறது. அதே குளிர்ப்பொருளை மேடையில் ஊற்றினால் கேட்க ஆள் இல்லை.

வேலை செய்கிறவர்கள் விஷயத்திலும் இதே கதைதான். சினிமாத் தொழிலாளருக்கு 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது, அது முழுநீளப் படங்களுக்கானது. 2020ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தபோது ஒலி-ஒளித் தொழிலாளர் என்று சீரியல், டிஜிட்டல் எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள், பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதில் நிறுவனம் என்றால் பொதுவாகப் பத்துப் பேராவது வேலை செய்ய வேண்டும். மதுரையில் ஒரு கல்யாண டீம் என்பது ரெண்டு கேமரா, ஒரு ட்ரோன், ஒரு லைட் பையன், கார் ஓட்டி வந்தவர். அமெரிக்க நடிகர் சங்க ஒப்பந்தத்தில் புகையில் நிற்கும் துணை நடிகருக்கு அன்றைக்குத் தனிப்படி உண்டு. நம் லைட் பையனுக்கு பேட்டாவும் பரோட்டாவும்.

இதற்குப் புதிதாக ஒரு சட்டம் போட வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, போட்டால் அதைக் கையில் வைத்துக்கொண்டு வைகை மணலில் ஷூட்டிங்கை விரட்டுகிற வேலை மட்டும் மும்முரமாக நடக்கும். திறந்தவெளியில், லேபிள் உள்ள சரக்கை, புல் இல்லாத தரையில், புகை போகிற பக்கம் நிற்காமல், பக்கத்தில் ஒரு வாளி மணலோடு விடுவது பெரிய குற்றமொன்றும் இல்லை. பிடி போட வேண்டிய இடம் இரண்டு. ஒன்று, திரவமும் டிரை ஐஸும் விற்கும் இடம்: என்ன பொருள், என்ன தரம், மூடிய அறையில் வைக்காதே என்று கேனிலும் பெட்டியிலும் தமிழில் எழுதியிருக்க வேண்டும். இரண்டு, மண்டபம். தீயணைப்புத் துறையின் சான்று வாங்காமல் பெரிய மண்டபம் நடத்த முடியாது, அந்தச் சான்றைப் புதுப்பிக்க வரும் அதிகாரி டிடெக்டர் வேலை செய்கிறதா என்று பார்ப்பதோடு, புகை விட்டால் அதை யார் அணைத்து யார் திரும்பப் போடுகிறார்கள் என்று ஒரு நோட்டுப் புத்தகம் கேட்கலாம். புக்கிங் ரசீதின் பின்பக்கத்தில் பட்டாசு வெடிக்கக் கூடாது, மேளத்துக்கு நேரம் இவ்வளவு என்றெல்லாம் அச்சடித்திருக்கிறார்கள், அதில் இன்னொரு வரிக்கு இடம் இருக்கிறது: எரிகிற புகை உள்ளே கிடையாது, ஃபாக் என்றால் இத்தனை நிமிடம், டிரை ஐஸ் என்றால் கதவு திறந்திருக்கும் ஹாலில் மட்டும்.

புகையை எடிட்டிங்கில் சேர்த்துக்கொள்ளலாமே என்பவர்கள் உண்டு. சேர்க்கலாம், ஒற்றைப் படத்தில் நன்றாகவே வரும். ரெண்டாயிரம் படமும் நாலு மணி நேர வீடியோவும் ஒரு வாரத்தில் கொடுக்க வேண்டிய தொழிலில், பெண் நடக்க நடக்கச் சேலைத் தலைப்பைச் சுற்றி விலகுகிற புகையைச் செய்து உட்கார யாருக்கும் நேரம் இல்லை, அதற்குத் தகுந்த காசும் யாரும் கொடுப்பதில்லை.

சில மண்டபங்கள் எதற்கு வம்பு என்று எல்லாப் புகைக்கும் மொத்தமாகத் தடை போட ஆரம்பித்திருக்கின்றன. அங்கே என்ன நடக்கும் என்றால் கேமராக்காரர் பழைய சினிமா யூனிட் வழிக்குப் போவார், அதாவது தேங்காய் நாரும் கரித்துண்டும் போட்டுக் கனலாக்கிய தட்டில் ஒரு கை சாம்பிராணி, பக்கத்தில் ஒரு டேபிள் ஃபேன். அந்தக் கரித்தட்டு அறைக்குள் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயுவைக் கொண்டுவரும், ஃபாக் மெஷினில் அது கிடையாது. ஆனாலும் மேனேஜர் தடுக்க மாட்டார், வாசனையாக இருக்கிறது, சாமி சமாச்சாரம் வேறு.